மோதல் இல்லாத லீக்

ஒரு காட்டில் சிங்கம் இல்லை, சங்கம் இருந்தது. சிங்கம் இருந்திருந்தால் ஒரே உறுமலில் முடிந்திருக்கும் விஷயம், சங்கம் இருந்ததால் நாற்பது நாள் நடந்தது.

மலையுச்சிக் காடு அது. மார்கழி பாதியில் அங்குள்ள பெரிய குளம் உறைந்து ஐஸ் ஆகிவிடும். தை முடியும்போது மறுபடி தண்ணீராகிவிடும். இடைப்பட்ட நாற்பது நாளும் காட்டுக் குட்டிகளெல்லாம் காலில் மூங்கில் பத்தையைக் கட்டிக்கொண்டு, கையில் வளைந்த கழியோடு ஐஸ் ஹாக்கி ஆடும். மரத்தில் சீவிய வட்டு ஒன்று. அதை எதிர் அணியின் வலைக்குள் தள்ள வேண்டும். ஆட்டமே அவ்வளவுதான். அணில் பிள்ளைக்குக்கூட அரை நிமிடத்தில் விளங்கிவிடும்.

ஆனால் குட்டிகளுக்குப் பெற்றோர் என்று ஒரு வகை இருக்கிறதே.

இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் ஆடலாம் என்று சங்கம் சொன்னது. உடனே தாய் வாத்து எழுந்து, "முட்டை இட்ட தேதியா, பொரிச்ச தேதியா?" என்று கேட்டது. அந்தக் கேள்விக்கே மூன்று நாள் ஆனது. இரண்டு தேதியும் எழுதிக் கொடுங்கள், சராசரி எடுத்துக்கொள்கிறோம் என்று முடிவானது. தலைக்கவசம் கட்டாயம் என்றார்கள். முயலின் காது கவசத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரியாமல், ஒரு காது உள்ளே, ஒரு காது வெளியே என்று சமரசம் செய்தார்கள். அந்த வருடம் முயல் குட்டிகளெல்லாம் பாதிச் செவிடாகத் திரிந்தன. அம்மா கூப்பிட்டால் மட்டும் கேட்காத காது எது என்று அவை சீக்கிரமே கண்டுபிடித்துக்கொண்டன.

இந்தக் காட்டில் தையல்நாயகி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். வீட்டு வேலையில் கெட்டி, பேச்சில் அதைவிடக் கெட்டி. வரிசையில் தனக்கு முன்னால் நிற்பவர் சில்லறை பேச்சுப் பேசினால் முதுகில் முள்ளெல்லாம் எழுந்து நின்றுகொள்ளும். அவளுக்கு ஒரே மகள். பிறந்ததும் எடுத்துக் கொஞ்சி, உள்ளங்கையெல்லாம் ரத்தமாக, "மிருதுளா" என்று பெயர் வைத்தாள்.

மிருதுளாவுக்கு ஐஸ் ஹாக்கி என்றால் உயிர். யாரும் சேர்த்துக்கொள்ளாததால் கரையோரம் கிடந்த ஒரு மரக்கட்டையை எதிரியாக வைத்துக்கொண்டு தனியாக ஆடுவாள். வட்டை இடம் வலம் என்று ஏமாற்றிக் கட்டையைச் சுற்றிக்கொண்டு போவாள். பார்க்கவே அழகாக இருக்கும். கட்டை ஒருநாள்கூட அவளைத் தடுத்ததில்லை.

"அம்மா, வர்ற சித்திரையில எனக்கு ரெண்டு வயசு முடியுது. அப்புறம் சேர்க்க மாட்டாங்க. ஒரே ஒரு மேட்ச்மா. வட்டைப் பறிக்க யாராவது என் மேல வரணும். நான் தப்பிச்சுப் போகணும், இல்லன்னா விழுந்து எழுந்திருக்கணும். அவ்வளவுதான் கேக்கிறேன்."

"ஒரு மேட்ச்தானே? அதுக்கு ஏன் மூக்கைச் சிந்துற? சாப்பிட்டுட்டு வா, போய்ப் பேர் கொடுத்துட்டு வரலாம்" என்றாள் தையல்நாயகி.

குளத்துக்கு இரண்டு கரை, எனவே இரண்டு லீக். வடகரை லீகை வரகுணம் என்கிற காட்டுப்பன்றி நடத்தினார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். அவருடைய கொட்டகை வாசலில் "மோதிப் பார்!" என்று கரியால் எழுதியிருக்கும். அங்கே இடிக்கலாம், தள்ளலாம், எதிராளியைக் கரைவரை உருட்டிக்கொண்டு போகலாம். இடி வாங்கினால்தான் உடம்பு தேறும் என்பது மாஸ்டரின் கொள்கை. தேறாத உடம்புகளைப் பற்றி அவரிடம் கொள்கை எதுவும் இல்லை.

மிருதுளாவை மாஸ்டர் சந்தோஷமாகத்தான் சேர்த்துக்கொண்டார். முதல் நாள், முதல் நிமிடம், மாஸ்டரின் மூத்த மகன் ஓடிவந்து அவளை இடித்தான்.

மறுநாள் காலை மாஸ்டர் தையல்நாயகியின் வளைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு கட்டு முள் இருந்தது. விறகு மாதிரி நாரால் கட்டியிருந்தார்.

"அக்கா, கோவமா வரல. உங்க வீட்டுப் பொருள், திருப்பிக் கொடுக்கணும்ல. எண்ணிப் பாத்துக்குங்க. பையன் மூக்கு சல்லடை ஆயிடுச்சு. தண்ணி குடிச்சா அந்தப் பக்கமா வருது."

"இடிக்கலாம்னு நீங்கதானே மாஸ்டர் எழுதி வச்சிருக்கீங்க?"

"இடிக்கலாம்னுதான் எழுதியிருந்தேன். இடிச்சா என்ன ஆகும்னு யோசிக்கல. இப்ப கீழ ஒரு வரி சேர்த்துட்டேன்கா."

போய்ப் பார்த்தாள். "மோதிப் பார்!" என்பதற்குக் கீழே, இன்னும் உதிராத புதுக் கரியில், "முள் உள்ளவர்கள் தவிர" என்று இருந்தது.

சரி, தென்கரை இருக்கிறது என்று கிளம்பினாள். தென்கரையில் அந்த வாரம் ஏற்கெனவே கொந்தளிப்பு. பவளக்கொடி என்கிற முயலம்மாள்தான் அதற்குக் காரணம். அவளுடைய கடைக்குட்டியை வடகரைப் பன்றிக்குட்டி ஒருவன் இடித்ததில், அது ஐஸில் வழுக்கிக்கொண்டே போய், அக்கரையில் ஒரு கீரி வீட்டு வாசலில் நின்று, அங்கேயே சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம்தான் திரும்பி வந்தது. "கீரி வீட்டுலங்க! முயல் பிள்ளை, கீரி வீட்டுல சாப்பிட்டுட்டு வருது! அது சாப்பிட்டுச்சா, அதைச் சாப்பிட்டாங்களான்னு நான் சாயங்காலம் வரைக்கும் தவிச்சேன்" என்று பவளக்கொடி பெற்றோர் குழுவில் செல்போனில் பேசிப் பேசி அனுப்பிய குரல் பதிவுகளை முழுவதும் கேட்டவர் காட்டில் ஒருவரும் இல்லை. ஆனால் எல்லோரும் கைகூப்புகிற பொம்மையைப் பதிலாக அனுப்பிவிட்டார்கள்.

அதனால் தென்கரை லீகை மோதல் இல்லாத லீகாக ஆக்க வேண்டும் என்று பொதுக்கூட்டம் கூட்டினார்கள். சங்கத் தலைவர் கரடி. அவர் ஐப்பசியில் படுத்தால் மாசியில்தான் எழுந்திருப்பார். ஐஸ் ஹாக்கி சங்கத்துக்குத் தலைவராக இருந்தும் ஐஸை அவர் கண்ணால் பார்த்ததில்லை. காரியமெல்லாம் செயலாளர் கொக்குதான். பெயர் புனிதவதி. வெள்ளை வெளேரென்று, கழுத்துவரை பொத்தான் போட்ட கான்வென்ட் சிஸ்டர் மாதிரி இருப்பாள். எல்லோரும் "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். விதிப் புத்தகத்தில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் பொறுக்காதவள். ஏதாவது ஒன்று சொல்லிவிட்டால் அதிலேயே ஒற்றைக்காலில் நிற்பாள். கொக்கு வேறு எப்படி நிற்கும் என்று கேட்பவர்கள் அவளிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

மிஸ் தன் வரைவை வாசித்தாள். "ஓர் ஆட்டக்காரர் தம் உடலின் எந்தப் பகுதியாலும், தெரிந்தோ தெரியாமலோ, இன்னோர் ஆட்டக்காரரின் உடலின் எந்தப் பகுதியையும்..."

"வால் உடம்புல சேருமா?" என்று ஒரு நரி கேட்டது.

"மீசை?" என்றது நீர்நாய்.

"நாத்தம் படலாமா?" என்று கேட்ட மரநாயை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்" என்று அது உட்கார்ந்துகொண்டது.

இரண்டு மணி நேரம் போனது. தையல்நாயகி அடுப்பில் கிழங்கை வைத்துவிட்டு வந்திருந்தாள். முதுகு முள் ஒவ்வொன்றாக எழுந்தது. அவள் கணக்கு தெளிவானது. யாரும் யார்மேலும் படக் கூடாது என்றால், அவள் மகளின் முள்ளும் யார்மேலும் படாது. முள் படாது என்றால் மகளைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்ல இவர்களுக்கு வாய் கிடையாது.

எழுந்தாள். "வாலு, மீசைன்னு ஒவ்வொண்ணா எண்ணிட்டிருந்தா ஐஸ் உருகிடும். ஒரே வரியில முடிங்க. 'இந்த லீகில் யாரும் யாருடனும் மோதக் கூடாது.' எழுதுங்க மிஸ்."

கூட்டமே எழுந்து கைதட்டியது. பவளக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, எவ்வளவு நாளா என் மனசுல இருந்தது! நான் இதைத்தான் நாப்பது குரல் பதிவுல சொன்னேன்."

மிஸ் அந்த வரியை மூன்று முறை வாசித்துப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் அழகான எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். அந்த விதியின் கீழ் முதலில் சேர்க்கப்பட்டவள் மிருதுளா. முயல்களெல்லாம் முயல் அணி. மிச்சம் மீதி இருந்த கீரி, நீர்நாய், அணில், மரநாய், மிருதுளா எல்லாம் சேர்ந்து கதம்பம் அணி. அன்று வீட்டில் கிழங்கு அடிப்பிடித்திருந்தது. தையல்நாயகி அதைப் பாயசம் மாதிரி பரிமாறினாள்.

வெள்ளிக்கிழமை மிஸ் அட்டவணை எழுத உட்கார்ந்தாள். "சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முயல் அணியும் கதம்பம் அணியும்" என்று எழுதினாள். அடுத்த சொல்லை எழுதப் போனவள் நிறுத்தினாள். தூக்கிய காலைக் கீழே வைக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை கவசம், கழி, தண்ணீர்க் குடுவை எல்லாவற்றோடும் வந்த பெற்றோர், அட்டவணைப் பலகையில் பாதி வாக்கியத்தைப் பார்த்தார்கள்.

"என்ன மிஸ், மேட்ச் உண்டா இல்லையா?"

"இரண்டு அணியும் என்ன செய்யும்?" என்று மிஸ் கேட்டாள்.

"என்ன செய்யும்? மோதும்" என்றது நரி.

"அதைத்தான் செய்யக் கூடாது என்று நீங்களே கைதட்டி நிறைவேற்றியிருக்கிறீர்கள்."

தையல்நாயகிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. மிஸ்ஸின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றது. "மிஸ், நான் சொன்ன மோதல் வேற. இது வேற மோதல். அது இடிக்கிறது, இது ஆடுறது."

"விதியில் 'மோதக் கூடாது' என்றிருக்கிறது. எந்த மோதல் என்று இல்லை. நான்தான் வால், மீசை என்று விவரமாக எழுதிக்கொண்டு வந்தேன். ஒரே வரியில் முடி என்றது யார்?"

எல்லோரும் தையல்நாயகியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, விதியை எடுத்துடுங்க."

"புதிய விதியைச் சேர்க்கச் செயலாளர் கையெழுத்துப் போதும். இருக்கும் விதியை நீக்கத் தலைவர் கையெழுத்து வேண்டும்."

தையல்நாயகி நேராகக் கரடியின் குகைக்குப் போனாள். உலுக்கினாள், கத்தினாள். கடைசியில் தன் முதுகிலிருந்து ஒரு முள்ளை உருவி, மரியாதை கெடாத இடமாகப் பார்த்து ஒரு குத்துக் குத்தினாள். கரடி கண்ணைத் திறக்காமலே, "நல்ல யோசனை. அடுத்த கூட்டத்துல பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தது. தூக்கத்திலும் தலைவர் தலைவர்தான்.

திரும்பி வந்தபோது பெற்றோரெல்லாம் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். விதியை மாற்ற முடியாவிட்டால் என்ன, சொல்லை மாற்றலாமே! பலகையில் "முயல் அணியும் கதம்பம் அணியும் சந்திக்கும்" என்று எழுதச் சொன்னார்கள். மிஸ்ஸுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை இரண்டு அணியும் சந்தித்தன. மிஸ் பக்கத்திலேயே நின்று கவனித்தாள். சௌக்கியமா, சௌக்கியம் என்று விசாரித்துக்கொண்டன. பவளக்கொடி சுண்டல் கொண்டுவந்திருந்தாள். கழியைத் தூக்கிக்கொண்டு ஐஸில் இறங்கப் போன மிருதுளாவை மிஸ் தடுத்தாள். "பலகையில் சந்திப்பு என்றுதான் இருக்கிறது." புத்தகத்தில் "சந்திப்பு இனிதே நடைபெற்றது" என்று பதிவானது.

அதற்கடுத்த வாரம், செய்தித்தாள் சுற்றி வந்த கடலைப் பொட்டலத்திலிருந்து நரி ஒரு சொல் கண்டுபிடித்துக் கொடுத்தது. "களம் காணும்." அருமையான சொல் என்று எல்லோரும் மெச்சினார்கள். இரண்டு அணியும் கரையில் வரிசையாக நின்று களத்தைக் கண்டன. நன்றாகக் கண்டீர்களா என்று மிஸ் கேட்டாள். கண்டோம் மிஸ் என்றன. கலைந்து போகச் சொன்னாள்.

மூன்றாவது சொல்தான் எல்லாவற்றையும்விட மோசம். "பலப்பரீட்சை நடத்தும்" என்று எழுதிய அன்று சாயங்காலமே பெற்றோர் குழு பற்றிக்கொண்டது. பரீட்சைக்கு எதுவரை பாடம்? போன வருடத்துக் கேள்வித்தாள் யாரிடமாவது இருக்கிறதா? எழுத்துத் தேர்வா, வாய்மொழியா? பவளக்கொடி தன் ஏழு குட்டிகளையும் ஒரு கிளியிடம் டியூஷனுக்கு அனுப்பினாள். கிளி, "ஐஸ் என்றால் என்ன? ஐஸ் என்பது உறைந்த நீர்" என்று பத்துத் தடவை சொல்ல வைத்தது. சனிக்கிழமை முயல் குட்டிகள் குளக்கரையில் உட்கார்ந்து தேர்வு எழுதின. ஏழும் ஒரே பதிலை எழுதியிருந்ததால் தேர்வு ரத்தானது.

"அம்மா, இன்னும் பத்து நாள்தான் ஐஸ் தாங்கும்" என்றாள் மிருதுளா. "ஓரத்துல தண்ணி விட ஆரம்பிச்சிடுச்சு."

"தெரியும்."

"எல்லாரும் நீதான் காரணம்னு சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு? பேரைச் சொல்லு."

"நான்தான்மா."

தையல்நாயகி வீட்டை மூன்று தடவை பெருக்கினாள். நான்காவது தடவை துடைப்பத்தை எடுத்தபோது வாசலில் வரகுணம் மாஸ்டர் செருமினார்.

"அக்கா, தப்பா நினைக்கலன்னா ஒரு விஷயம். சின்னப் பிள்ளைங்க எல்லாம் உங்க கரைக்கு வந்துட்டாங்க. எங்க பக்கம் என் பையன்க அஞ்சு பேரு மட்டும்தான். அஞ்சு பேரும் தங்களுக்குள்ளயே இடிச்சு இடிச்சு அலுத்துட்டாங்க. யார் எந்தப் பக்கமா வருவான்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றானுங்க. உங்ககிட்ட அணி இருக்கு, எங்ககிட்ட மோதல் இருக்கு. ஏதாச்சும் பண்ணக் கூடாதா?"

தையல்நாயகி துடைப்பத்தைக் கீழே போட்டாள். அவரையும் இழுத்துக்கொண்டு மிஸ்ஸிடம் போனாள்.

"மிஸ், நான் சொன்ன வரியை இன்னொரு தடவை வாசிங்க. மெதுவா."

"'இந்த லீகில் யாரும் யாருடனும்...'"

"போதும். இந்த லீக் எதுவரைக்கும்?"

"தென்கரையிலிருந்து நாணல் வரிசை வரைக்கும்."

"மாஸ்டர், உங்க லீக்?"

"வடகரையிலேருந்து பாறை வரைக்கும்கா."

"நாணலுக்கும் பாறைக்கும் நடுவுல கிடக்குதே அந்த ஐஸ், அது எந்த லீக்?"

மிஸ் முதல்முறையாகக் காலை மாற்றி நின்றாள். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். "நடுக்குளம்... எந்த லீகிலும் இல்லை" என்றாள்.

"அப்போ அங்க மோதலாம்" என்றாள் தையல்நாயகி.

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. உடனே பாதி வாடியது. "அக்கா, எங்க 'முள் உள்ளவர்கள் தவிர'..."

"அதுவும் நடுக்குளத்துல செல்லாது மாஸ்டர்."

சனிக்கிழமை விடிந்தது. நடுக்குளத்தில் வெயில் பளபளத்தது. இரண்டு கரைப் பெற்றோரும் வந்துவிட்டார்கள். ஒரு பக்கம் கதம்பம் அணி. எதிரே மாஸ்டரின் ஐந்து மகன்கள், இடிமுழக்கம் அணி. ஐவரும் மூக்கில் காட்டுவாழை மட்டையைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மூச்சுவிட ஒரு ஓட்டை. பேசினால் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. மிஸ் தான் வரவில்லை என்று அறிவித்துவிட்டு, நாணல் வரிசையில் நின்று கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் சீட்டி அடித்தார். நீர்நாய் வட்டைத் தட்டி மிருதுளாவிடம் அனுப்பியது. மிருதுளா உடம்பைத் தாழ்த்தி, வட்டை இடப்பக்கம் காட்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு பாய்ந்தாள்.

எதிரே வந்த மூத்த பன்றிக்குட்டி அவளைப் பார்த்ததும் சட்டென்று விலகி, கல்யாண வீட்டு வாசலில் வரவேற்பதுபோல் கையை நீட்டி வழிவிட்டான். அடுத்தவன் அவனைவிட மரியாதைக்காரன், ஐஸிலேயே படுத்துவிட்டான். வலைக்காவலுக்கு நின்றவன் வலையை விட்டு வெளியே வந்து ஓரமாக நின்றுகொண்டான். வட்டு உள்ளே போனது.

"கோல்!" என்று தென்கரை அலறியது. பவளக்கொடி படம் எடுத்துக் குழுவில் போட்டாள்.

இரண்டாவது கோலும் அப்படித்தான். மூன்றாவதற்கு வலைக்காவலன், "வாங்க, வாங்க" என்றே சொல்லிவிட்டான். கால் மணி நேரத்தில் ஆறு கோல். அதில் ஒருமுறைகூட மிருதுளா யாரையும் ஏமாற்ற வேண்டியிருக்கவில்லை. ஏமாறுவதற்கு அருகில் ஒருவர் இருந்தால்தானே?

கரையில் எல்லோரும் கூத்தாடினார்கள். தையல்நாயகி மட்டும் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

ஏழாவது தடவை வட்டு காலடிக்கு வந்தபோது மிருதுளா அதைத் தொடவில்லை. நடுவில் நின்று, "யாராவது வந்து பறிங்களேன்!" என்றாள்.

"தாயே, நீயே வச்சுக்க" என்றான் மூத்தவன் மட்டைக்குள்ளிருந்து.

"பயந்தாங்கொள்ளி!"

"ஆமா."

"வெக்கமா இல்ல?"

"மூக்கு இருந்தாத்தான் வெக்கம் எல்லாம்."

மிருதுளா ஐஸிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தையல்நாயகி ஒரு அதட்டல் போட்டுச் சமாளித்திருப்பாள். "அம்மா, இதுக்கு அந்தக் கட்டையே பரவால்ல" என்றாள் அவள். "அதுக்காவது என்னைப் பாத்து பயம் இல்ல."

தையல்நாயகியின் முதுகில் ஒரு முள் பாக்கியில்லாமல் எழுந்தது.

"டேய்! மோதுங்கடா என் பொண்ணோட!" என்று கரையிலிருந்து கத்தினாள்.

"அக்கா, இதை நீங்களா சொல்றீங்க?" என்று பவளக்கொடி செல்போனைத் தவறவிட்டாள்.

"மாஸ்டர், உங்க பிள்ளைங்களுக்கு முதுகெலும்பு இருக்கா இல்லையா?"

"முதுகெலும்பு இருக்குக்கா. மூக்குதான் ஒண்ணே ஒண்ணு இருக்கு" என்றார் மாஸ்டர் பணிவாக.

இதற்குமேல் நின்று பேச அவளுக்குப் பொறுமை இல்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். படுத்திருந்த பன்றிக்குட்டியின் கையிலிருந்து கழியைப் பிடுங்கினாள். காலில் மூங்கில் பத்தைகூட இல்லாமல் ஐஸில் இறங்கினாள்.

"வயசு! வயசு!" என்று நாணலிலிருந்து மிஸ் கீச்சிட்டாள். "இரண்டுக்கு உட்பட்டவர்கள்!"

"நடுக்குளத்துல எனக்கு வயசே கிடையாது மிஸ்!" என்று சொல்லிக்கொண்டே தையல்நாயகி ஓடினாள். ஓடினாள் என்பது பாதி உண்மை. நாலு எட்டுக்கு மேல் கால் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. மீதித் தூரம் ஐஸ்தான் அவளைக் கொண்டுபோனது.

மிருதுளா நிமிர்ந்து பார்த்தாள். ஒரு முள் மலை தன்னை நோக்கி வருகிறது. ஒரு நொடி வாய் பிளந்தாள். பிறகு கண் மின்ன, வட்டைக் கழியால் அணைத்துக்கொண்டு எழுந்தாள். இடப்பக்கம் காட்டினாள். அம்மா இடப்பக்கம் சாய்ந்தாள். வலப்பக்கம் இழுத்தாள். அம்மாவும் வலப்பக்கம் வந்துவிட்டாள், ஏமாந்து வரவில்லை, நிற்க முடியாமல் வந்தாள்.

மோதினார்கள்.

அந்தச் சத்தம் கரடியின் குகைவரை கேட்டது. முள்ளோடு முள் சீப்புக்குள் சீப்பாக மாட்டிக்கொள்ள, அம்மாவும் மகளும் ஒரே பந்தாகி, மூன்று சுற்றுச் சுற்றி, வட்டையும் வாரிக்கொண்டு, வலையையும் வாரிக்கொண்டு, வடகரைப் பாறையில் போய் முட்டி நின்றார்கள்.



வலைக்குள்ளிருந்து முதலில் வந்தது மிருதுளாவின் சிரிப்பு. விக்கி விக்கி, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தாள். "அம்மா! என்னைத் தள்ளிட்டே! ஃபவுல்!"

"ஃபவுலாவது கிவுலாவது. நீதான் குறுக்கே வந்த. முழங்கால் போச்சு எனக்கு."

"இன்னொரு தடவைம்மா!"

"முதல்ல என் தோளிலேருந்து உன் முள்ளை எடு."

"உன் முள்தான் என்மேல இருக்கு!"

"வாயாடாதே. உன் வயசுல நான் எங்கம்மாவை எதிர்த்துப் பேசினதே இல்ல."

"பேசியிருப்பே."

மாஸ்டரும் மகன்களும் வாழைமட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து இருவரையும் பிரித்தெடுத்தார்கள். பிரித்த கையோடு இருவரும் மறுபடி எதிரெதிராகப் போய் நின்றுகொண்டார்கள். அன்று மாலைவரை பதினோரு தடவை மோதினார்கள். மிருதுளா ஏழு தடவை விழுந்தாள், நாலு தடவை தப்பித்தாள். ஐஸ் உருகுகிறவரை தினமும் அதே கதை. சமையல் ஒழுங்காக நடக்கவில்லை. வீட்டில் யாரும் புகார் சொல்லவில்லை, சொல்கிற இரண்டு பேரும் நடுக்குளத்தில் இருந்தார்கள்.

ஆனால் அந்த முதல் மோதலில் வட்டு வலைக்குள் போனது கோலா இல்லையா என்று இரண்டு கரையும் சண்டை பிடித்துக்கொண்டன. கோல் என்றால் யாருக்கு, மகளுக்கா அம்மாவுக்கா? வலை வட்டின் மேல் விழுந்ததா, வட்டு வலைக்குள் போனதா? கடைசியில் எல்லோரும் மிஸ்ஸைக் கூப்பிட்டார்கள். மிஸ் நாணலிலிருந்து வந்து, ஒற்றைக்காலில் வெகுநேரம் யோசித்து, புத்தகத்தைத் திறந்து, அந்தப் பருவத்தின் ஆண்டறிக்கையை எழுதி வாசித்தாள்:

"நடந்த மோதல்: ஒன்றுமில்லை. குடும்பத் தகராறு: ஒன்று. அதில் சங்கம் தலையிடாது."

நீதி: நம் பிள்ளையோடு வெளியார் யாரும் மோதக் கூடாது, வீட்டில் அம்மா எதற்கு இருக்கிறாள்?